அலுமினியமாகவே இருந்திருக்கலாம்

12 நவம்பர் 2007, திங்கள்

காலையிலிருந்து தூறல். தீபாவளிக்குக் கட்டிய புடவை இன்னும் கொடியில். காய்ந்தபாடில்லை.

அலுமினியப் பாத்திரங்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் போட்டேன். இட்லிப் பானை, சோறு வடிக்கும் குண்டான், பால் பாத்திரம், பெரிய வடிதட்டு. பழைய பாத்திரக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்குது, ஏன் போடறீங்க?" சாக்கைத் தராசுப் பக்கம் நகர்த்தினேன்.

காளியப்பன் சொன்னதுதான். அவரும் என் வீட்டுக்காரரும் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஷாப். அலுமினியத்தை உருக்கி அச்சில் இறக்கி வண்டிச் சாமான் செய்கிற இடம். நேற்று இவரைப் பார்க்க வந்தவர் வாசலில் என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணி, அந்தப் பொகைதான் மூளைக்கு ஏறிடிச்சி. பேப்பர்லயே போட்டிருந்தான். யூனியன்ல பேசறன். கம்பெனிக்காரன் பதில் சொல்லித்தான் ஆவணும்."

இவருக்கு ஐம்பத்தொன்று. இது கிழவர்களுக்கு வருவது என்கிறார்கள் எல்லோரும். போன வருஷம் மிஷின் பட்டனை மாற்றி அமுக்கி ஒரு ஆள் கை போயிருக்கும், தப்பியது. அதன்பின் வி.ஆர்.எஸ்., விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

புகை என்றால் புகை. ஒரு காரணம் கிடைத்ததே பெரிது.

சனிக்கிழமை பெங்களூர் ஆஸ்பத்திரி. ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க வேண்டும். லீவு சொல்ல வேண்டும். மகள் பானுவுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும். டிசம்பர் 9 நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். மாப்பிள்ளை சரவணன், சேலம். இவளைப் போலவே எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவர்களாகவே பார்த்துப் பிடித்து, பிறகு எங்களிடம் வந்தது. நல்ல பையன்.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தது: பெண்ணின் அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. அவ்வளவு.


14 நவம்பர், புதன்

மணி பத்தாகியும் தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ.

பதினோரு மணி வாக்கில் சூப்பர்வைசர் லைனுக்கே வந்து, "மல்லிகாம்மா, போன்" என்றார். நாங்கள் வண்டி ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செக் பண்ணுகிற இடம். யாருக்கும் போன் தர மாட்டார்கள். தந்தால் சாவுச் செய்திதான். பக்கத்து வீட்டு சாரதம்மா. கன்னடமும் தமிழுமாக அழுகை. துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் இவரைக் காணோம். பழைய கம்பெனி சட்டையையும் காணோம்.

ஓசூர் பஸ் ஸ்டாண்ட். சிப்காட் கேட். மலைக்கோயில் படி. ரயிலடி. காளியப்பன் ஷிப்டை விட்டு வந்து பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார். பானு பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். போலீஸ்காரர்: "சண்டை கிண்டை போட்டீங்களா?"

வெயில் சாயும்போது பானு செல்லுக்கு ஒரு போன். ராயக்கோட்டை ரோட்டில், சானமாவு பக்கம். இவர் சட்டைப்பையில் நான் தைத்து வைத்திருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார் ஒருவர்.

கேழ்வரகு கொல்லை. காவல் பரணுக்குக் கீழே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். செருப்பு இல்லை. கொல்லைக்காரர் முனியப்பா, வீட்டில் பேசுவது தெலுங்கு. "குடிச்சிட்டு வந்துட்டாருன்னு நெனச்சேம்மா. கிட்ட வந்தா வாசனையே இல்ல. எந்த ஊருன்னு கேட்டா சாத்தூருன்றாரு. சாத்தூரு எங்க, சானமாவு எங்க! அந்தாண்ட யானை எறங்கியிருக்குது. ஃபாரஸ்ட்காரங்க காலையிலதான் சொல்லிட்டுப் போனாங்க. நேரா அந்தப் பக்கமாத்தான் போயினு இருந்தாரு."

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஷிப்ட்டு பஸ் வரல மல்லிகா. நடந்தே போயிரலாம்னு பாத்தேன்."

முனியப்பா காலில் விழப் போனேன். பதறிப்போய்த் தள்ளி நின்றார்.


15 நவம்பர், வியாழன்

லீவு. கால் இரண்டும் கொப்புளம். வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தேன். யார் காலையோ பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் கதவுக்கு வெளிப்பூட்டு வாங்கியாயிற்று. மனிதனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது. சாரதம்மாவிடம் ஒரு சாவி.

சேலத்திலிருந்து சரவணனின் அப்பா போன். "சம்பந்தி எப்படி இருக்காருங்க?" நல்லாயிருக்காருங்க என்றேன். சொல்லி முடித்துவிட்டுப் பின்னால் பார்த்தால், துவைக்கிற சோப்பைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டு நிற்கிறார்.


17 நவம்பர், சனி

பெங். ஆஸ்பத்திரி. காலை ஐந்து மணி பஸ், அத்திப்பள்ளி வரை பனி. கூட்டம் சொல்லி மாளாது. பானுவுக்கு இன்று ஆபீஸ், நானும் இவரும் மட்டும்.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே வருகிறது. சின்ன வயசுதான், முப்பத்தைந்து இருக்கும். இவரிடம் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். மிஷின் டிராயிங் பார்த்தே அச்சு மாட்டிய ஆள். ஒரு வட்டம் போட்டார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார், நான் முடித்துத் தருவேன் என்பது மாதிரி.

ரத்தத்தில் வேறு கோளாறு இல்லை. தைராய்டு இல்லை. ஸ்கேனில் கட்டி இல்லை, மூளை சுருங்கியிருக்கிறது. நோயின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அல்சைமர். வாயில் நுழைய நேரம் பிடித்தது.

பிறகு ஒரே கேள்வியாக: சர்க்கரை உண்டா? பிரஷர்? பீடி சிகரெட்? தலையில் எப்போதாவது அடிபட்டு மயக்கமாகியிருக்கிறாரா? குடி? இதயத்தில் ஏதாவது? எதுவரை படிப்பு?

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. எப்போதோ பீடி, அதுவும் பானு பிறந்ததும் விட்டாயிற்று. ஐ.டி.ஐ. படிப்பு.

நானே கேட்டேன். அலுமினியப் புகையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறாரே என்று.

"ஒரு காலத்துல அதையும் சந்தேகப்பட்டாங்க அம்மா. ஆனா உறுதியா நிரூபணம் ஆகல. அவர் கூட வேலை செஞ்சவங்க எத்தனையோ பேர் இருப்பாங்களே, அவங்களுக்கு வந்திருக்கா?"

காளியப்பனை நினைத்தேன். அதே அடுப்பு, அதே புகை. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயரைக்கூட இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார்.

"நிறைய பேருக்கு வயசுதான் பெரிய காரணம். சர்க்கரை, பிரஷர், தலையில அடி, இதெல்லாம் மேல மேல பாரம் ஏத்தும். ஆனா ஐம்பதுக்குள்ளயே ஆரம்பிச்சிருக்கு. அதனால குடும்பத்தைப் பத்திக் கேக்கணும். இவரோட அப்பா?"

"சந்நியாசம் போயிட்டாருங்க."

பேனா நின்றது. "எந்த வயசுல? போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?"

தெரியாது. நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்படுவதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டவர். மாமியார் வீட்டில் அவர் போட்டோவுக்கு மாலை கிடையாது, சந்தனம் மட்டும். சித்ரா பௌர்ணமிக்கு வரும் பரதேசிகளுக்கெல்லாம் மாமியார் சாகும்வரை சோறு போட்டார். அதில் ஒருவர் அவராக இருந்துவிட்டால் என்று.

"விசாரிச்சிட்டு அடுத்த சனிக்கிழமை வாங்க" என்றார் டாக்டரம்மா.


18 நவம்பர், ஞாயிறு

பானு ஜாக்கெட் அளவு கொடுக்கப் போன நேரமாகப் பார்த்து இவருடைய சொந்த ஊரான சாத்தூருக்குப் போன் போட்டேன். வேலம்மா அக்கா, இவருடைய அண்ணன் பெண்சாதி. அவர் வீட்டுக்காரரை, என் அத்தானை, நான் பார்த்து வருஷம் மூன்றுக்கு மேல். எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. கேட்டால், கண் தெரியவில்லை, சர்க்கரை என்பார் அக்கா.

மாமா, இவருடைய அப்பா, போன கதையைக் கேட்டேன். முதலில் அதே பழைய பேச்சு. பழனிக்குப் போனவர் அப்படியே போயிட்டார், புண்ணிய ஆத்மா. நான் விடவில்லை. இவர் யானைக் காட்டுக்குள் நடந்து போன கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம்.

பிறகு, மெதுவாக: "எங்க வீட்டுலயும் அதேதான் மல்லிகா."

"என்னக்கா?"

"உங்க அத்தானுக்குத்தான். அஞ்சு வருசமாச்சு. இப்ப வெளிக்கு எங்க போகணும்னே தெரியல. கட்டில்லயே எல்லாம். அத்தை சாகுறதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னாக. மாமா சந்நியாசமும் போகல, ஒண்ணும் போகல. அவருக்கும் இப்படித்தான் ஆயிப்போச்சு. சந்தைக்குப் போனவரு திரும்பி வரத் தெரியாமப் போயிட்டாரு. கிறுக்குப் பிடிச்ச குடும்பம்னு பிள்ளைகளச் சொல்லிருவாகன்னுதான் அப்படிக் கதை கட்டிவிட்டது."

மாமாவுக்கு அப்போது என்ன வயது என்று கேட்டேன். அம்பது தொட்டும் தொடாமலும் என்றார்.

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"எம் மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம்ல. இப்ப மருமக முழுகாம இருக்கா. அவளுக்குத் தெரியாது. நீயும் வாயத் தொறக்காத. பானு கழுத்துல தாலி ஏறட்டும். அம்புட்டுத்தான் சொல்வேன்."

போனை வைத்தபின் கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் புடவை நுனியை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

மாமா யாரையும் துறந்து போகவில்லை. வீட்டுக்கு வரத்தான் நடந்திருப்பார். எந்த ஊர் ரோட்டில் எத்தனை நாள்.


19 நவம்பர், திங்கள்

வேலை ஓடவில்லை. இரண்டு கட்டு தவறாகப் பாஸ் பண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமா. அத்தான். இவர். அடுத்து யார் என்று மனசு கணக்குப் போடுகிறது. போடாதே என்றால் கேட்க மாட்டேன் என்கிறது.

பானு ஜாக்கெட் கைக்கு ஜரிகை வைக்கலாமா என்றாள். வை என்றேன்.


21 நவம்பர், புதன்

குளிர் ஏறிவிட்டது. மாலை காளியப்பன் யூனியன் ஆட்கள் இருவரோடு வந்தார். மனுவில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "விடக்கூடாது அண்ணி. நாளிக்கு எனக்கும் இதே கதிதான?" அவர் கண்ணில் பயம். அவருக்கு நிஜமாகவே பயம்.

உங்களுக்கு வராது என்று சொல்ல வாய் வந்தது. எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் யாருக்கு வரும் என்பதையும் சொல்ல வேண்டுமே. அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். முகம் வாடிப் போனார்.

சாமியிடம் வேண்டிக்கொண்டது: புகையாகவே இருக்கட்டும். புகை இவரோடு போய்விடும்.


24 நவம்பர், சனி. கார்த்திகை தீபம்

பானு நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன்.

டாக்டரம்மா நேராகக் கேட்டார். "விசாரிச்சீங்களா அம்மா? குடும்பத்துல யாருக்காவது?"

"யாருக்கும் இல்லைங்க."

அப்போது இவர் பேச ஆரம்பித்தார். இப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர். தெளிவாக, பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பது போல.

"எங்க அப்பா சட்டையத் தலகீழாப் போடுவாரு. நான்தான் பொத்தான் மாட்டிவிடுவேன், பள்ளிக்கூடம் போகையில. ஒரு நாளு என்னையப் பாத்து நீ யாரு பிள்ளைன்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. அண்ணன்தான் கையைப் பிடிச்சு வயலுக்குக் கூட்டிட்டுப் போவான். தனியா விட்டா வேற தெருவுக்குப் போயிருவாரு."

பானு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "பெரியப்பாவுக்கும்தானேம்மா? அதனாலதான் யாரும் அவர வெளிய காட்டறதில்ல?"

தலை குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

பானு டாக்டர் பக்கம் திரும்பினாள். "எனக்கு வருமா டாக்டர்?"

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. சில குடும்பங்களில் இது ரத்தத்தில் இறங்குகிறது, இது அப்படித்தான் தெரிகிறது என்றார். அப்படி இருந்தால் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி. வரலாம், வராமலும் போகலாம். பரிசோதனை இங்கே சுலபமில்லை, ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். "தெரிஞ்சாலும் தடுக்க மருந்து இல்லை. அதை யோசிச்சிட்டு முடிவு பண்ணும்மா."

"நான் வாக்கிங் போனா, சர்க்கரை வராம பாத்துக்கிட்டா?"

"உடம்புக்கு ரொம்ப நல்லது. செய். ஆனா இந்த வகையை அது நிறுத்தும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் தூக்கம். பானு நடுவில். ஓசூர் வந்ததும் வாசல் வாசலாக அகல் விளக்கு. எங்கள் வாசல் மட்டும் இருட்டு. பானுவே போய் நாலு விளக்கு ஏற்றி வைத்தாள். காற்றில் அணைந்தது. திரும்ப ஏற்றவில்லை.


25 நவம்பர், ஞாயிறு

சாத்தூர்ப் பேச்சை முழுக்கப் பானுவிடம் சொன்னேன். சண்டை.

நான்: "தாலி கட்டினப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம். வராமலே போகலாம்ல? பாதிதானே சொன்னாங்க?"

பானு: "வேலம்மா பெரியம்மா மருமக வயித்துல ஒரு குழந்தை இருக்கு. அவகிட்ட யாருமே கேக்கலல்ல? நான் அப்படிச் செய்ய மாட்டேன்."

நான்: "உன் அப்பாவைக் கட்டும்போது எங்கிட்ட யாரு சொன்னா?"

பானு: "அதான் சொல்றேன். சொல்லியிருந்தா கட்டியிருப்பியா?"

யோசித்துப் பார்க்கிறேன். கட்டாமல் போயிருந்தால் இவள் ஏது.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் சரவணனிடம் பேசினாள். கீழே இருந்து குரல் கேட்கவில்லை. இறங்கி வந்து, "சொல்லிட்டேன்" என்றாள். முகம் கழுவினாள். அப்பாவுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள்.


28 நவம்பர், புதன்

சேலத்துப் போன். இதுவரை சம்பந்தியம்மா என்பார். இன்று வெறும் "அம்மா". "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உங்க பொண்ணு தங்கம். மறைக்காம சொன்னதுக்கே கையெடுத்துக் கும்பிடணும். ஆனா எங்களுக்கு ஒரே பையனுங்க." போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பித் திட்டியிருப்பேன்.

காளியப்பனை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். இனி யாரிடம் மறைத்து என்ன. "அப்ப பொகை இல்லியா?" என்றார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் முகம் லேசானது. உடனே வெட்கப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமை வந்தது.


1 டிசம்பர், சனி

சரவணன் நேரில் வந்தான். மழையில் நனைந்த சட்டையோடு. வீட்டை எதிர்த்தாவது செய்கிறேன், குழந்தை வேண்டாம் என்றால் வேண்டாம் என்கிறான். என் காலைத் தொட்டான். பானு உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. காபி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

அவன் தெரு முனை திரும்பியதும் உள்ளே போய் அவள் மேல் பாய்ந்தேன். "அவனே வேணும்ங்கிறான். உனக்கு என்னடி திமிரு?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் துப்பட்டாவை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவன் உன்ன மாதிரி ஆகணுமாம்மா?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. நான் எப்படி ஆகியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.


3 டிசம்பர், திங்கள்

எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனி. இவர் இன்று என்னை அக்கா என்று கூப்பிட்டார். சரி என்று பதில் கொடுத்தேன்.

பானு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தெருமுனை போய்விட்டுத் திரும்ப ஓடி வந்தாள். "செல்ல மறந்துட்டேன்மா."

சும்மாதான் நின்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "அப்படிப் பாக்காத."

"எப்படிப் பாத்தேன்?"

"அப்பாவப் பாக்கற மாதிரி."

எல்லாரும்தான் மறக்கிறார்கள். நானும்தான் மறக்கிறேன். இதைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் டிவி மேலிருந்து செல்லை எடுத்துக்கொண்டு கேட் வரை போய்விட்டாள். அங்கிருந்து, திரும்பாமலே, "இனிமே எதையாச்சும் மறந்தா உங்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். 

தூறல் பிடித்துவிட்டது. அவள் குடை ஆணியிலேயே தொங்குகிறது. கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். கூப்பிட்டால் இதையும் மறந்தாய் என்று சொன்னதாகும். திரும்ப ஆணியில் மாட்டினேன்.